லைசென்ஸ் போர்டு வசூல்காரர் அல்ல

"போர்டுல ஒரு கம்ப்ளைண்ட் போட்டு விடுங்க அண்ணா. நமக்கு ஒரு பைசா செலவில்லை. லைசென்ஸ் போயிடும்னு பயந்து பிளம்பர் தானா ஓடி வருவான்." கலிஃபோர்னியாவில் வீடு வாங்கி, குளியலறையையோ சமையலறையையோ இடித்துக் கட்டிய தமிழர்களுக்கு இந்த யோசனை ஒரு தடவையாவது கிடைத்திருக்கும். ஃப்ரீமாண்ட்டிலும் சான் ரமோனிலும் வார இறுதிச் சாப்பாட்டுக்கு நாலு குடும்பம் கூடினால், யாருடைய வீட்டுச் சுவரிலாவது ஓதம் ஏறிய கதை வரும். கதை முடிவதற்குள் இந்த யோசனையும் வந்துவிடும். பக்கத்து வீட்டு அமெரிக்கரைக் கேட்டாலும் அவரும் இதையேதான் சொல்வார். வேலையில் தகராறா, முதலில் லைசென்ஸ் மீது புகார் கொடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே பொதுப்புத்தி ஆகிவிட்டது.

அந்தப் பொதுப்புத்தி தவறு. புகார் பாய்வது, வேறொருவரின் கீழ் சப்-கான்ட்ராக்டராக வந்து குழாய் போட்டுப் போன பிளம்பர் மீது என்றால் தவறு இரட்டிப்பாகிறது. புகார் கொடுக்கும் உரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உரிமையைப் பறிக்கப் பார்க்கும் எந்தக் கான்ட்ராக்டரோடும் எனக்கு உடன்பாடில்லை. என் வாதம் இவ்வளவுதான்: இந்த ஆள் இந்தத் தொழிலைச் செய்யத் தகுந்தவரா என்பது ஒரு கேள்வி, இந்தக் கசிவுக்கு யார் பணம் தர வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்காகக் கட்டிய இடத்தில் இரண்டாவதைக் கொண்டுபோய்க் கொட்டினால் இரண்டுக்குமே உருப்படியான விடை கிடைக்காது.

இந்த போர்டு எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு 1929இல் தொடங்கியது. சாக்ரமென்டோவைத் தலைமையிடமாகக் கொண்டு, மாநில நுகர்வோர் நலத் துறையின் கீழ் இயங்குகிறது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கான்ட்ராக்டர்கள் அதன் கண்காணிப்பில் இருக்கிறார்கள். பிளம்பிங்குக்கு உரிய வகை சி-36. அதை வாங்க, கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டுகள் தேர்ந்த தொழிலாளியாக வேலை பார்த்திருக்க வேண்டும். சட்டமும் வணிகமும் பற்றி ஒரு தேர்வு, தொழில் பற்றி ஒரு தேர்வு, கைரேகைச் சோதனை, பிறகு 25,000 டாலருக்கு ஒரு பாண்ட், அதாவது பிணைப் பத்திரம். 2022 முடியும் வரை அந்த பாண்ட் 15,000 டாலராக இருந்தது.

இந்த லைசென்ஸ் இல்லாதவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் அதன் கனம் புரியும். வணிக, தொழில்கள் சட்டத்தின் 7031ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் வேண்டிய வேலையை அது இல்லாமல் செய்தவர் கூலி கேட்டு வழக்கே போட முடியாது. வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடு என்று வீட்டுக்காரர் அவர் மீது வழக்குப் போடலாம். வேலை சுத்தமாக இருந்தது என்ற பதில் அங்கே எடுபடாது. அப்படியானால் லைசென்ஸைப் பறிப்பது என்பது ஒரு மனிதர் இந்த மாநிலத்தில் தன் தொழிலைச் செய்து கூலி கேட்கும் உரிமையையே பறிப்பது. மக்களைத் தகுதியில்லாதவர்களிடமிருந்து காக்க மாநிலம் வைத்திருக்கும் கடைசி ஆயுதம் அது. அதைத்தான் நாம் "முதல்ல ஒண்ணு போட்டு வைப்போம்" என்று எடுக்கிறோம்.

பொதுப்புத்தியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. நம் ஊரில் பிளம்பரைப் பிடிப்பது பக்கத்து வீட்டுக்காரரின் சிபாரிசில். வேலை கெட்டுப்போனால் பெரும்பாலும் வாசலில் நின்று சத்தம் போடுவதோடு சரி. நுகர்வோர் நீதிமன்றம் வரை போகிறவர்கள் குறைவு. அந்த அனுபவத்தோடு வந்தவருக்கு, ஒரு படிவம் நிரப்பினால் அரசே விசாரிக்கும் என்பது வரப்பிரசாதமாகத் தெரியும். கட்டணமும் இல்லை. ஆனால் அந்தப் படிவம் எந்தக் கேள்வியை எழுப்புகிறது என்பதை யாரும் நின்று யோசிப்பதில்லை.

போர்டு விசாரிப்பது சட்ட மீறல்களை. வேலையைப் பாதியில் விட்டுப் போனாரா என்று பார்க்கிறது 7107ஆம் பிரிவு. ஏற்கப்பட்ட தொழில் தரத்திலிருந்தோ வரைபடத்திலிருந்தோ குறிப்பிடத்தக்க அளவில், தெரிந்தே விலகினாரா என்பது 7109. ஒப்பந்த விலைக்குள் வேலையை முடிக்கத் தவறினாரா என்பது 7113. இவை எல்லாம் ஒருவரின் தொழில் நடத்தையை எடைபோடும் அளவுகோல்கள். ஒரு மூட்டு ஒழுகியது என்பதாலேயே இவற்றில் ஒன்று நிரூபணமாகிவிடாது. நல்ல பிளம்பரின் கையிலும் நூற்றில் ஒரு மூட்டு ஒழுகலாம். அதைச் சரிசெய்து, நனைந்த சுவருக்கு ஈடு தர வேண்டிய பொறுப்பு அவருக்கு இருக்கலாம். அந்தப் பொறுப்பு அவரைத் தகுதியற்றவராக ஆக்குவதில்லை. மீறல் உறுதியானால் போர்டு விதிக்கும் அபராதமும் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. வீட்டுக்காரரின் பாழான மரத்தரைக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட வராது. திருத்த உத்தரவு போட, இழப்பீட்டை நிபந்தனையாக்க போர்டுக்கு வழிகள் உண்டு என்றாலும், தரை பாழானது, வெளியில் தங்கிய வாடகை, வேலைக்குப் போக முடியாத நாள் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அல்ல அது.

இனி சப்-கான்ட்ராக்டர் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் பொதுப்புத்தி ரொம்பவும் சறுக்குகிறது.

குளியலறையைப் புதுப்பிக்க நீங்கள் ஒரு ஜெனரல் கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள். அவர் பிளம்பருக்கு ஒரு பகுதி, எலக்ட்ரீஷியனுக்கு ஒரு பகுதி, டைல் ஒட்டுபவருக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுக்கிறார். உங்களுக்கும் பிளம்பருக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. அவர் விலை என்ன, அவருக்குக் கொடுத்த வரைபடம் எது, எந்த நாளில் வரச் சொன்னார்கள், எதை விட்டுவிடச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் ஜெனரல் கான்ட்ராக்டர். சப்-கான்ட்ராக்டர் செய்த வேலைக்கும் உங்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கசிவு தெரிந்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? "அது பிளம்பர் பண்ணது, அவரைக் கேளுங்க." இந்த வாக்கியத்தை நம்பி பிளம்பரின் லைசென்ஸ் எண்ணைத் தேடிப் புகார் எழுதும் வீட்டுக்காரர், பொறுப்பைக் கைகழுவ நினைத்தவருக்குத் தானே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது இதற்காகவே சொல்லி வைத்தது போல இருக்கிறது.

பணம் ஓடும் பாதையையும் பாருங்கள். நீங்கள் ஜெனரல் கான்ட்ராக்டருக்குத் தவணை கொடுத்ததும், வேறு ஏற்பாடு எழுத்தில் இல்லாவிட்டால், 7 நாளுக்குள் சப்-கான்ட்ராக்டரின் பங்கை அவர் கொடுத்தாக வேண்டும் என்கிறது 7108.5ஆம் பிரிவு. தாமதித்தால் மாதம் 2 சதவீதம் தண்டம். ஆனால் நியாயமான தகராறு இருந்தால், தகராறுக்குரிய தொகையில் 150 சதவீதம் வரை பிடித்துவைத்துக்கொள்ள அதே பிரிவு அவரை அனுமதிக்கிறது. இப்போது வீட்டுக்காரர் எழுதிய ஒரு புகார் அவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? பிடித்துவைக்க ஒரு காரணம் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தத் தொகை வீட்டுக்காரருக்கும் வராது, பிளம்பருக்கும் போகாது. நடுவில் இருப்பவரிடம் தங்கும்.

சம்பளம் வராத பிளம்பர் என்ன செய்வார்? வீட்டின் மீது லீன் பதிவு செய்வார். உழைப்பும் பொருளும் தந்தவருக்கு அந்தச் சொத்தின் மீதே உரிமை உண்டு என்பது கலிஃபோர்னிய அரசியலமைப்பின் 14ஆம் பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேலை தொடங்கி 20 நாளுக்குள் அவர் அனுப்பும் முன்னறிவிப்பு அதற்கான முதல் படி. பல வீட்டுக்காரர்கள் அந்தக் கடிதத்தையே மிரட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள். லீன் பதிவானதும், "நான்தான் முழுப் பணமும் கொடுத்துவிட்டேனே" என்ற நியாயமான கோபத்தில் பதிலடியாகப் பிளம்பரின் லைசென்ஸ் மீது புகார் போகிறது. அதில் வேலைக்குறை என்று நாலு விஷயம் சேர்த்து எழுதப்படுகிறது. லீன் வரும்வரை அந்த நாலும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இது வேலைத் தரம் பற்றிய புகார் அல்ல. நடுவில் இருப்பவர் பணத்தை நிறுத்தியதால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது. இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் முன்பு சப்-கான்ட்ராக்டர்களிடம் லீன் விலக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். இருவர் பெயரிலும் கூட்டுக் காசோலை கொடுத்திருக்கலாம். பதிவான லீனை 90 நாளுக்குள் வழக்காக்காவிட்டால் அது செல்லாது. இவற்றில் எதற்கும் லைசென்ஸ் போர்டு தேவையில்லை.

அடுத்தது, தண்ணீர் எங்கே வெளியே வருகிறதோ அங்கேதான் குற்றவாளி இருக்கிறார் என்ற நம்பிக்கை. கட்டட வேலையில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை குறைவு.

ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடிக் குளியலறையில் கழிப்பறைப் பீங்கானை எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார். வடிவமைப்பாளர் வரைந்து கொடுக்கிறார். பழைய கழிவுக் குத்துக்குழாய் 14 அடி தள்ளி இருக்கிறது. கலிஃபோர்னிய பிளம்பிங் விதிப்படி 3 அங்குலக் கழிவுக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். 14 அடிக்கு மூன்றரை அங்குலம். குழாயின் வெளி விட்டமும் மூன்றரை. ஆக 7 அங்குலம். தரையைத் தாங்கும் மர உத்தரம் இரண்டுக்கு எட்டு என்றால் அதன் உண்மையான ஆழம் ஏழேகால்தான். உத்தரங்களுக்கு இணையாகப் போனாலே கால் அங்குலம்தான் மிச்சம். பீங்கானுக்கு அடியில் வரும் வளைவுக்கு இடமில்லை. குறுக்கே போக வேண்டுமென்றால் உத்தரத்தில் அதன் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளை போடக் கூடாது. அந்தத் துளையில் 3 அங்குலக் குழாய் நுழையாது. வரைபடத்தில் கோடு இழுத்த அன்றே இந்த வேலை கெட்டுவிட்டது. பிளம்பர் வரும்போது சுவர் இடித்தாயிற்று, பீங்கான் வாங்கியாயிற்று, டைல்காரர் திங்கட்கிழமை வருகிறார். வாட்டத்தைக் குறைத்துப் போட்டால் ஆறு மாதத்தில் அடைக்கும். முடியாது என்று சொன்னால் வேலை போகும். வாட்டத்தைக் குறைத்துப் போட்டவர் குற்றவாளிதான். முடியாது என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் ஒருவர் மட்டும்தான் குற்றவாளி என்று புகார் எழுதினால், வரைந்தவரும் வற்புறுத்தியவரும் சத்தமில்லாமல் தப்பிக்கிறார்கள். அடுத்த வீட்டிலும் அதே கோடு இழுக்கப்படும்.

செம்புக் குழாயில் ஊசித்துளைக் கசிவு இன்னொரு உதாரணம். குழாயை அறுத்தபின் உள்விளிம்புப் பிசிறை எடுக்காமல் பற்றவைத்தால் அந்த இடத்தில் நீர் சுழன்று சுவரை அரிக்கும். அது பிளம்பரின் பிழை. பற்றுப்பசையை அள்ளிப் பூசிக் கழுவாமல் விட்டாலும் அப்படியே. ஆனால் சுடுநீரைச் சுற்றவிடும் பம்பைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கி வைத்தாலும் இதே துளை விழும். ஊர்த் தண்ணீரின் வேதிச் சேர்க்கையாலும் விழும். நாலு காரணத்துக்கும் வெளியே தெரியும் அடையாளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். குழாயை வெட்டி எடுத்து உள்ளே பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஆனால் புகார் எழுதப்படும் நேரத்தில், கோபத்தில் அந்தக் குழாய்த் துண்டு குப்பைக்குப் போயிருக்கும்.

சுவருக்குள் ஓடும் குழாய்க்கு மரச்சட்டத்தின் விளிம்பில் இரும்புத் தகடு அடித்துப் பாதுகாப்பது விதி. தகடு இல்லாமல் ஆணி குழாயில் இறங்கினால் பிளம்பரைக் கேட்கலாம். தகடு இருந்தும், தேவைக்கு மேல் நீளமான திருகாணியை அலமாரிக்காரர் இறக்கியிருந்தால்? குழாய்க்குள் புகுந்த திருகாணியே சில மாதங்களுக்கு அடைப்பானாக இருந்து, துருப்பிடித்தபின்தான் கசிவைக் காட்டும். அதற்குள் எல்லோரும் வேலையை முடித்துக் கிளம்பியிருப்பார்கள். "பிளம்பிங் லீக்" என்ற பெயர் மட்டும் பிளம்பர் தலையில் விழும்.

ஒரு தேசம் முழுவதும் இப்படித் தவறான ஆளைக் கைகாட்டிய வரலாறு உண்டு. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாய் போடப்பட்டது. விலை குறைவு, வளைக்க எளிது. தண்ணீரில் கலக்கும் குளோரின் பட்டு அதன் இணைப்புகளும் குழாயும் நொறுங்க ஆரம்பித்தபோது, பொருத்தியதில்தான் பிழை என்பது தயாரிப்பாளர்கள் தரப்பு வாதமாக இருந்தது. கடைசியில் 1995இல் டென்னஸி நீதிமன்றத்தில் ஷெல், செலனீஸ் நிறுவனங்கள் 950 மில்லியன் டாலருக்கு ஒத்துக்கொண்டு கூட்டு வழக்கை முடித்தன. பொருத்தியவர்கள் சிலரிடமும் பிழை இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வீடு பிளம்பரின் தகுதியைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் குழாயின் குறை வெளியே வந்திருக்காது. உண்மை வெளிவந்தது, சேதம் யாரால் என்று ஆதாரத்தை அடுக்கிப் பார்த்த இடத்தில்.

"புகாரை நிஜமாக நடத்த வேண்டாம், சும்மா காட்டினால் போதும், பணம் வந்ததும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு வருகிறேன். பொதுப்புத்தியின் உண்மையான முகம் இதுதான். புகார் விசாரணைக்காக அல்ல, பேரத்துக்காக. இந்தப் பேரத்தைக் கலிஃபோர்னியச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் பலர் திகைப்பார்கள். சிவில் தகராறில் சாதகம் அடைவதற்காக, லைசென்ஸை ரத்து செய்யக்கூடிய அமைப்பிடம் புகார் கொடுப்பேன் என்று வழக்கறிஞர் மிரட்டக் கூடாது என்கிறது மாநில வழக்கறிஞர் நடத்தை விதி 3.10. வழக்கறிஞருக்குத் தடைசெய்த செயல் வீட்டுக்காரருக்குத் தடையில்லாமல் இருக்கலாம். தடைக்கான காரணம் இருவருக்கும் ஒன்றே. பொதுமக்கள் பாதுகாப்புக்காக இருக்கும் ஒரு அதிகாரத்தைத் தனிப்பட்ட பாக்கி வசூலிக்க அடகு வைக்கக் கூடாது என்பது அது.

எதிர்ப்பக்கமும் அடைக்கப்பட்டிருக்கிறது. புகாரை வாபஸ் வாங்க வேண்டும், இனிமேல் புகார் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சமாதான ஒப்பந்தம் போடக் கூடாது என்று லைசென்ஸ் வைத்திருப்பவர்களைத் தடுக்கிறது வணிக, தொழில்கள் சட்டத்தின் 143.5ஆம் பிரிவு. அப்படி எழுதினால் அந்த நிபந்தனை செல்லாது; எழுதியதற்காகவே பிளம்பர் மீது நடவடிக்கை வரலாம். அதாவது "பணம் கொடு, வாபஸ் வாங்குகிறேன்" என்று நீங்கள் நீட்டும் சரக்கை அவர் சட்டப்படி வாங்கவே முடியாது. விற்க முடியாத சரக்கைக் காட்டிப் பேரம் பேசுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?

"குற்றமற்றவருக்கு என்ன பயம்? விசாரித்துவிட்டு மூடிவிடுவார்களே" என்பது அடுத்த பதில். போர்டு நியாயமாகவே நடந்துகொள்கிறது என்பது உண்மை. ஆதாரமற்ற புகார்களை அது பொதுப் பார்வையில் வைப்பதில்லை. ஆனால் அபராத உத்தரவு வந்துவிட்டால், அதை நிறைவேற்றிய பின்னும் 5 ஆண்டுகள் அந்தப் பதிவு ஊருக்கே தெரியும். லைசென்ஸ் ரத்தானால் எப்போதைக்கும். சப்-கான்ட்ராக்டராக வரும் பிளம்பர் பெரும்பாலும் ஒரு வேன், இரண்டு உதவியாளர்கள் என்ற அளவில் தொழில் நடத்துபவர். விசாரணைக்குப் பதில் எழுதுவதும், பழைய ரசீதுகளைத் தேடுவதும், நிபுணர் பார்வையிடும் நாளில் வந்து நிற்பதும் அவரே செய்ய வேண்டியவை. அந்த நாட்களில் அவருக்கு வருமானமில்லை. அலுவலகமும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் பெரிய ஜெனரல் கான்ட்ராக்டருக்கு அதே புகார் ஒரு மின்னஞ்சல். ஒரே ஆயுதம் பலமுள்ளவரைக் கீறுகிறது, பலமில்லாதவரைச் சாய்க்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "போர்டே மத்தியஸ்தம் செய்கிறதே, நடுவர் தீர்ப்புத் திட்டம் வைத்திருக்கிறதே, அப்புறம் பணத் தகராறைக் கொண்டுபோனால் என்ன?" கேட்க வேண்டிய கேள்விதான். போர்டு அவற்றை வைத்திருப்பது நல்ல காரியம்; பல சிறு தகராறுகள் அங்கே முடிகின்றன. ஆனால் மத்தியஸ்தம் பலிப்பது, ஒப்பந்தம் செய்துகொண்ட இருவர் அந்த ஒப்பந்தத்தையும் ஆதாரத்தையும் மேஜையில் வைக்கும்போது. உங்கள் ஒப்பந்தம் ஜெனரல் கான்ட்ராக்டரோடு. மத்தியஸ்தம் வேண்டுமென்றால் அவர் மீதே புகார் கொடுங்கள், அவரை மேஜைக்கு வரவழையுங்கள். பிளம்பரை அழைத்து வருவது அவர் வேலை. இந்த மறுப்பு என் வாதத்தைத் தகர்க்கவில்லை. சரியான முகவரியைத்தான் காட்டுகிறது.

ஜெனரல் கான்ட்ராக்டர் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டால்? அப்போதும் முதல் புகார் ஓடியவர் மீதுதான். அவருடைய பாண்ட் நிறுவனத்திடம் கோரிக்கை வைக்கலாம். அதை போர்டு கொடுப்பதில்லை, பாண்ட் போட்ட நிறுவனத்திடமே நேரில் கேட்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த 25,000 டாலருக்குள் மற்றவர்களும் கை நீட்டுவார்கள் என்பதால் தாமதம் கூடாது. பிளம்பரின் கவனக்குறைவால் வீட்டுக்குச் சேதம் வந்திருந்தால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவர் மீது நீதிமன்றத்தில் கேட்க வழி உண்டு. நீதிமன்றம் என்றாலே பயப்படத் தேவையில்லை. சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். 2024க்கு முன்பு அது 10,000. தாக்கல் கட்டணம் சாதாரணமாக அதிகபட்சம் 75 டாலர். விசாரணையில் வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி, உங்கள் மனதில் உள்ள அதே கேள்வி: யாரால் சேதம், எவ்வளவு, யார் தர வேண்டும்.

லைசென்ஸ் புகார் எப்போது சரி? பிளம்பர் அடுத்தவர் லைசென்ஸ் எண்ணைக் காட்டி வேலை செய்திருந்தால் உடனே எழுதுங்கள். எரிவாயுக் குழாயைச் சோதிக்காமல் மூடியிருந்தால், பெர்மிட் வேண்டிய இடத்தில் இன்ஸ்பெக்டர் பார்க்கக் கூடாது என்று சுவரை அவசரமாக அடைத்திருந்தால், கழிவுநீர் குடிநீரோடு கலக்கும்படி இணைப்புக் கொடுத்திருந்தால், ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். பிழையைக் காட்டி, சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தும் எழுத்துக்குப் பதிலே போடாமல் போனை அணைத்துவிட்டு மறைந்தவர் மீது கட்டாயம் எழுதுங்கள். இவற்றில் எல்லாம் கேள்வி, இந்த ஆள் இன்னொரு வீட்டுக்குள் நுழையலாமா என்பதுதான். அதற்கு விடை சொல்ல போர்டைவிடத் தகுந்த இடம் இல்லை. அவசரமில்லாத தகராறென்றால் நேரமும் இருக்கிறது: பொதுவாக, தவறு நடந்ததிலிருந்து 4 ஆண்டுகள் வரை போர்டு நடவடிக்கை எடுக்கலாம். மூன்று வாரத்தில் ஆத்திரத்தோடு எழுத எந்தக் கட்டாயமும் இல்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை எளியவை. ஒழுகும் இடத்தைப் படமெடுங்கள். வெட்டிய குழாயைப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஜெனரல் கான்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பிளம்பருக்குப் பிரதி அனுப்புங்கள், இருவரும் வந்து பார்க்க நாள் கொடுங்கள். இந்தத் தகராறில் ஆதாயமில்லாத மூன்றாவது சி-36காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்து, காரணம் இன்னது என்று எழுதி வாங்குங்கள். கொடுக்க வேண்டிய பாக்கியை நிறுத்துவதென்றால் எந்தக் குறைக்கு எவ்வளவு என்று எழுதி நிறுத்துங்கள். வீடு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றும், நடந்த வேலைக்கு மேல் தவணை வாங்கக் கூடாது என்றும் சட்டம் வைத்திருப்பது எதற்கு? தகராறு வரும் நாளில் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பாதுகாப்பைத் தொடக்கத்தில் கோட்டைவிட்டு, நைச்சியமாகக் கேட்டார் என்று பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கடைசியில் லைசென்ஸைப் பிடித்து உலுக்குவது, நம் கவனக்குறைவுக்கு அடுத்தவர் பிழைப்பைப் பணயம் வைப்பது.

புகார்களைப் பார்ப்பவர்கள் எண்ணிக்கையில் அடங்கிய மனிதர்கள். எரிவாயு கசியும் வீட்டுக்காரரின் புகாரும், முன்பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரிடம் சேமிப்பை இழந்த மூதாட்டியின் புகாரும், டைல் இடுக்கில் பூச்சு நிறம் மாறியதற்காகப் பாக்கியைக் குறைக்கப் பார்ப்பவரின் புகாரும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. மூன்றாவது வகை பெருகப் பெருக முதல் இரண்டும் காத்திருக்கும். உண்மையாகவே தொழிலை விட்டு விலக்கப்பட வேண்டிய பிளம்பருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறு இல்லை. போர்டுக்கு எழுதும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் என் பாக்கியை முழுதாகக் கொடுத்துவிட்டால், இவரை இன்னொரு வீட்டுக்குள் விடச் சம்மதிப்பேனா? சம்மதம் என்றால் உங்களுக்கு வேண்டியது லைசென்ஸ் போர்டு அல்ல, சிறு வழக்கு நீதிமன்றம். சம்மதமில்லை என்றால் எழுதுங்கள்; பணம் கைக்கு வந்த பிறகும் அந்தப் புகாரைக் கைவிடாதீர்கள்.